மொக்கையன் கூவிய எடை

எழுதிப் பழக்கமில்லாத கை இது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே கூசுகிறவன். அப்படிப்பட்டவன் தன் உடம்பைப் பற்றி, அதுவும் இப்படிப்பட்ட ஓர் உடம்பைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே இருக்கும் டாக்டரம்மா சொன்னதால்தான் எழுதுகிறேன். "வாயால சொல்ல மாட்டேங்கிறீங்க. எழுதியாவது வைங்க. உங்களை மாதிரி வர்றவங்களுக்குப் படிக்கக் கொடுப்பேன்" என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே எழுதுகிறேன். ஆபரேஷன் இன்னும் ஆகவில்லை. அது ஏன் ஆகவில்லை என்று சொல்லத்தான் இவ்வளவும்.

தேனிக் கடைவீதியில் எங்களுக்குப் புளி, மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி. வெளி வேலையெல்லாம் அண்ணன் பார்ப்பார். மண்டியில் மெத்தைமேல் உட்கார்ந்திருப்பது நான். காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பேன். மறுபடி உட்கார்ந்தால் விளக்கு வைத்த பிறகுதான். போடி மலையிலிருந்தும், தேவாரம், அனுமந்தன்பட்டி பக்கத்திலிருந்தும் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் சரக்குக் கொண்டுவருவார்கள். எடை போட்டு, விலை பேசி, பணம் கைமாறியதும் சரக்குக்காரர் காப்பியும் பலகாரமும் வாங்கிவரச் செய்து மண்டிக்காரருக்குக் கொடுப்பார். எங்கள் பக்கம் அது வழக்கம். மண்டிக்காரர் அதை அவர் கண் முன்னால் சாப்பிட வேண்டும். சாப்பிடவில்லை என்றால், இவர் எடையில் ஏதோ செய்துவிட்டார், அதனால்தான் நம் கையால் வாங்கித் தின்னக் கூசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, சிரித்துப் பேசி, மிச்சத்தை வைத்துவிடுவார். எனக்கு அந்தச் சிரிப்பும் பேச்சும் வராது. எனக்கு வந்தது சாப்பிடுவது மட்டும்தான். சரக்கு வரும் காலத்தில் ஒரு நாளில் எத்தனை வடை, எத்தனை காப்பி என்று எனக்கே தெரியாது.

இப்படித்தான் உடம்பு வந்தது. ஊரில் யாரும் அதை நோய் என்று சொல்லவில்லை. "சின்ன மொதலாளிக்கு மண்டி ஒத்துக்கிருச்சு" என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும். பிறகு முழங்கால் வலித்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. விலை பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழ ஆரம்பித்தேன். ராத்திரியில் நான் குறட்டை விடும்போது நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று என் மனைவி எஸ்தர் சொன்னாள். அவள் விழித்திருந்து, மூச்சு நிற்கும்போதெல்லாம் தோளைப் பிடித்து உலுக்குவாளாம். விடிந்ததும் வழக்கம்போல அடுப்பு மூட்டப் போய்விடுவாள். அவள் தூக்கம் போனது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வந்தது. வேட்டி முடிச்சை மேலே ஏற்றிக் கட்டி மறைத்தேன். வத்தல் மூட்டையைப் பிரித்தால் நெடியில் எல்லோரும் இருமுவோம். நான் இருமும்போதெல்லாம் அந்தப் புடைப்பு பெரிதாகும். ஒரு நாள் இருமி இருமி அது பாதித் தேங்காய் அளவுக்கு வந்து, உள்ளே போகாமல் நின்றுவிட்டது. வலியில் மெத்தைமேலேயே வாந்தி எடுத்தேன். மண்டியில் மூட்டை இறக்குகிற ஆட்கள் ஆறு பேர் சேர்ந்துதான் என்னைக் காரில் ஏற்றினார்கள். அவர்கள் மூச்சுவாங்கியது இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தது அப்போதுதான். டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்து, காலை மடக்கச் சொல்லி, மெதுவாக அழுத்தி அதை உள்ளே தள்ளினார். வலி போய்விட்டது. பிறகு விளக்கிச் சொன்னார்.

"இதுக்குப் பேர் ஹெர்னியா. நீங்க மண்டிக்காரர்தானே, சாக்குல தாங்குறதுக்கு மேல அடைச்சா என்ன ஆகும்?"

"தையல் விட்டுரும்" என்றேன்.

"அதேதான். வயித்துச் சுவர்ல தொப்புள் ஒரு தையல் மாதிரி. உள்ள கொழுப்பு கூடக்கூட அங்க விட்டுருச்சு. குடல் அது வழியா வெளிய வருது. ஒரு நாள் வந்து மாட்டிக்கிட்டு, ரத்த ஓட்டம் நின்னு, அழுகிப் போனா உசுருக்கே ஆபத்து. தைக்கணும். ஆனா இந்த எடையில மயக்கம் கொடுக்க எனக்குப் பயமா இருக்கு."

ஒரு வாரம் சோதனைகள். சிறுநீரை நீல மருந்தில் சொட்டுவிட்டுக் காய்ச்சுவார்கள். நிறம் மாறாவிட்டால் நல்லது. பச்சை என்றால் கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது. எனக்குச் செங்கல் நிறம் வந்தது, சர்க்கரை மிக அதிகம். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை என் கையைச் சுற்றி வரவில்லை. நர்ஸ் அதற்கு ஒரு துணியை ஒட்டுப்போட்டுக் கட்டினார். ஆஸ்பத்திரி அங்கி எனக்குப் பற்றாது என்று பார்த்ததும் எஸ்தர் இரண்டு அங்கிகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்துக்கொண்டுவந்தாள். யாருக்கும் தெரியாமல் இருக்கத் தையலை உள்பக்கமாக வைத்திருந்தாள். செலவைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது.

டாக்டரம்மா காரணத்தையும் சொன்னார். எரிகிற விறகைவிட அதிகமாக விறகு கொண்டுவந்து போட்டால் மிச்சம் அடுக்கித்தானே கிடக்கும், உடம்பும் அப்படித்தான் மிச்சத்தைக் கொழுப்பாக அடுக்கிவைக்கிறது என்றார். அந்தக் கொழுப்புதான் சர்க்கரையைக் கூட்டுகிறது, ரத்தக் குழாயை இறுக்குகிறது, முழங்காலைத் தேய்க்கிறது, தூக்கத்தில் கழுத்தை அமுக்கி மூச்சை நிறுத்துகிறது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று கேட்டபோது எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

எடை பார்க்க ஆஸ்பத்திரி எந்திரத்தில் ஏறினேன். முள் நூற்றுப் பத்தில் போய் முட்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் அதில் எண் இல்லை.

"உங்க மண்டியிலயே பெரிய தராசு இருக்குமே. அங்க போட்டுட்டு வாங்க. எடையில மண்டிக்காரரை நம்பாம யாரை நம்புறது?" என்று டாக்டரம்மா சிரித்தார்.

எங்கள் மண்டித் தராசு தரையில் இரும்புத் தட்டு உள்ளது. மேலே கம்பியில் குண்டைத் தள்ளி நிறுத்தி எடை பார்க்க வேண்டும். எடை போடுகிறவன் மொக்கையன். அவன் எண்ணை உரக்கக் கூவுவான். நான் மெத்தையில் இருந்தபடி குறித்துக்கொள்வேன். அவன் கூவிய எடையை மறுத்து ஒரு சம்சாரியும் பேசியதில்லை. "மொக்கையன் சொல்லிட்டான்ல" என்பார்கள், அவ்வளவுதான்.

நான் தட்டில் ஏறியதும் மண்டியில் இருந்த எல்லோரும் கூடிவிட்டார்கள்.

"ஏலே, மொதலாளிய ஏலத்துக்கு விடுறாகளா?"

"புளியா வத்தலான்னு சொல்லுங்கப்பா, வெல கேக்கணும்ல."

"மொக்க, சாக்குக்குக் கழிச்சிட்டுச் சொல்லு. வேட்டியே ரெண்டு கிலோ இருக்கும்."

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது? கம்பி நேராக நின்றபோது அதில் இருந்த எண் எனக்குத் தெரிந்தது. நூற்று முப்பத்தெட்டு. மொக்கையன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான்.

"நூத்தி இருபத்தாறு!" என்று கூவினான்.

கூவிவிட்டுக் குண்டை உடனே பின்னால் தள்ளிவிட்டான். என்னை இறக்கிவிடக் கை கொடுத்தபோது காதோரம் சொன்னான்: "ஊரே பாக்குது மொதலாளி. அம்புட்டும் சொல்லணுமாக்கும்?"

சம்சாரிகள் சரக்கில் ஒரு கிராம் கூட்டிக் குறைத்தவன் இல்லை அவன். எனக்காக முதல் தடவையாகப் பொய் கூவினான். நான் அதை மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. மனதுக்குள் அவனுக்கு நன்றி சொன்னேன். டாக்டரம்மாவிடம் அந்த எண்ணையே கொடுத்தேன்.

"நூத்திப் பதினஞ்சுக்குக் கீழ கொண்டுவாங்க. அப்புறம் தைப்போம்" என்று சொல்லி, என்ன சாப்பிட வேண்டும் என்று எஸ்தரிடம் விவரமாகச் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை தோறும் எடை போட்டுச் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு.

வீட்டில் கேப்பைக் கூழ், மோர், கீரை. அரிசி உலையே வைப்பதில்லை. "நீயாவது சோறு ஆக்கித் தின்னு" என்றேன். "நான் திங்கிறதப் பாத்துக்கிட்டு நீங்க உக்காந்திருக்கணுமா? எனக்கும் இதுவே போதும்" என்றாள். எனக்கு ஊற்றிய பிறகு சட்டியில் இருப்பதைத்தான் அவள் குடித்தாள். எவ்வளவு இருந்தது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

மண்டியில் முதல் வாரம் போடி மலைக்காரர் ஒருவரிடம் மட்டும் பலகாரம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஏன் மொதலாளி, எடையில எதுவும் கொளறுபடியா?" என்று கேட்டார். தராசைத் திரும்பிப் பார்த்தார். நான் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டேன். வடையையும் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு யாரிடமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நோய் என்று சொல்லியிருக்கலாம், டாக்டர் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். இப்போது எழுதும்போது எத்தனையோ சொற்கள் வருகின்றன. அப்போது ஒன்றும் வரவில்லை. அத்தோடு பசியும் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

சனிக்கிழமை சந்தைக் கூட்டம் கலைந்த பிறகு தட்டில் ஏறுவேன். கம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். மொக்கையன் வாரா வாரம் ஒன்று, ஒன்றரை என்று குறைத்துக் கூவினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரியாதவன் இல்லை. வேட்டி இடுப்பில் முன்பு போலவேதான் இறுகிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை "நூத்திப் பதினாலு!" என்று கூவிவிட்டு, "டாக்டரம்மா கேட்டது வந்துருச்சு மொதலாளி" என்று பல்லைக் காட்டினான். எஸ்தர் அன்றைக்குச் சபைக்குப் போய் முழங்கால்படியிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஆளைப் பார்த்தா அவ்வளவு தெரியல. ஆனா எடை குறைஞ்சிருக்கு. அதுதான் முக்கியம்" என்றார். நோயாளிகள் உட்காரும் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தி, "இவரைப் பாருங்க. மனசு வெச்சா முடியும்" என்று எல்லோருக்கும் காட்டினார்.

அங்கே தேவாரத்திலிருந்து வந்த அன்னத்தாய் என்ற அம்மாள் இருந்தார். அவரும் என்னைப் போலத்தான், நல்ல கனம். பித்தப்பையில் கல். ஈரலில் ஊறும் பித்தநீர் தங்குகிற சின்னப் பை அது. உடம்பு பெருத்தவர்களுக்கு அதில் கல் சேர்வது அதிகம் என்று டாக்டரம்மா சொன்னார். அவரையும் எடை குறைக்கச் சொல்லியிருந்தார்கள். வாயாடியான மனுஷி.

"என்ன மந்திரம் போட்டீக? எனக்கும் ஓதி விடுங்களேன்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "நான் கஞ்சித் தண்ணியா குடிக்கேன். மூணு கிலோ எறங்குறதுக்குள்ள கண்ணு முழி பிதுங்குது. நீங்க ஆம்பளை, வைராக்கியம் இருக்கு. எனக்கு அது இல்ல போலிருக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டு கேப்பைக் கூழ் என்றேன். அன்றிலிருந்து அவர் ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிட்டார். மூன்றாம் நாள் காலையில் குளியலறைக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்தார். நெற்றியில் அடி. அவரைத் தூக்க நாலு பேர் ஓடினார்கள். குளுக்கோஸ் ஏற்றிச் சோறு கொடுத்தார்கள். கண் விழித்ததும் அவர் சொன்னது, "அந்த மண்டிக்காரருக்கு முடிஞ்சது எனக்கு முடியலையே" என்பதுதான். நான் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் மதுரையிலிருந்து மயக்க மருந்து டாக்டர் வந்தார். டிரங்க் கால் போட்டு, நாள் குறித்து வரவழைத்தவர். இளவயது. வாயைத் திறக்கச் சொன்னார், கழுத்தைத் திருப்பச் சொன்னார், நெஞ்சில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"எடை எவ்வளவு?"

"நூத்திப் பதினாலு" என்றாள் எஸ்தர். அவள் குரலில் இருந்த நிமிர்வை நான் முன்பு கேட்டதில்லை.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரியா பார்த்த எடையா? ஏன் கேக்குறேன்னா, மருந்து அளவை எடையை வெச்சுத்தான் போடுவேன். குறைஞ்சா பாதியில முழிப்பு வரும். கூடினா மூச்சு நிக்கும். உங்க கழுத்துக்கு, மூச்சு நின்னா குழாய் போடுறதும் கஷ்டம். அதான்."

"மண்டித் தராசுல பாத்தது சார். பெரிய தராசு" என்றாள் அவள்.

அவர் எழுதிக்கொண்டு கிளம்பினார். அவர் கதவைத் தாண்டும்போது "சார்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எஸ்தர்தான் எழுந்து போய், "சார், அவுக என்னமோ சொல்ல வர்றாக" என்று திரும்ப அழைத்துவந்தாள்.

"அது எடை இல்ல" என்றேன். "மொக்கையன் எனக்காகக் கொறச்சுச் சொன்னது. மொதல் நாளே தெரியும்."

அவர் எஸ்தரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டாக்டரம்மாவைக் கூப்பிடப் போய்விட்டார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"மண்டியில சாப்பிட்டீங்களா?" என்றாள் எஸ்தர்.

"ம்."

"என்ன?"

"குடுத்ததெல்லாம்."

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கூழ் கொண்டுவந்த தூக்குச்சட்டியை எடுத்துத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வந்தார். திட்டுவார் என்று இருந்தேன். "அந்தத் தராசையும் அந்த ஆளையும் இங்க வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார். மண்டிக்கு ஆள் போனது. மத்தியானம் மாட்டுவண்டியில் தராசோடு மொக்கையன் வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது.

"ஊசி மருந்து எடையப் பாத்துப் போடுவாகன்னு எனக்கு யாரு சொன்னா? ஆத்தா சத்தியமாத் தெரியாதும்மா" என்று டாக்டரம்மாவிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "வாரா வாரம் ஒங்க மூஞ்சியப் பாத்தேன் மொதலாளி. இந்த மூஞ்சிக்கு ரெண்டு கிலோ கொறச்சுச் சொன்னா ஆருக்கு என்ன நட்டம்னு நெனச்சேன். நான் ஒங்களக் கொல்லப் பாத்திருக்கேனே."

"நீ இல்ல மொக்கையா" என்றேன்.

தாழ்வாரத்தில் தராசை இறக்கினார்கள். நோயாளிகள், பார்க்க வந்தவர்கள், ஆயாக்கள் எல்லோரும் நின்றார்கள். அன்னத்தாயும் நெற்றியில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் தட்டில் ஏறினேன். இந்தத் தடவை கம்பியைப் பார்த்தபடி நின்றேன். மொக்கையன் குண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினான். கம்பி நேராக நின்றது.

"கூவு" என்றேன்.

அவன் குண்டிலிருந்து கையை எடுத்தான். "முடியல மொதலாளி" என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"நூத்தி முப்பத்தாறு! மொத நாளு நூத்தி முப்பத்தெட்டு!" என்று நானே கூவினேன். மண்டியில் இத்தனை காலம் உட்கார்ந்தும் நான் ஒரு எடையைக் கூவியதில்லை. பிரசவ வார்டில் ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

யாரும் சிரிக்கவில்லை. அன்னத்தாய்தான் முதலில் பேசினார். "அப்ப நான் மூணு கிலோ, நீங்க ரெண்டு கிலோ. அடப் பாவி மனுசா, ஒங்களுக்காகவா நான் மண்டைய ஒடச்சுக்கிட்டேன்?" என்றார். பிறகு எஸ்தரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "டாக்டரம்மா, அந்தம்மாவையும் ஒருக்க ஏத்திப் பாருங்க. வந்த அன்னைக்கு மொதக்கொண்டு பாக்கேன், நிழல் மாதிரி இருக்காக."

எஸ்தர் மாட்டேன் என்றாள். டாக்டரம்மா கையைப் பிடித்து ஏற்றினார். மொக்கையன் குண்டைப் பின்னால் தள்ளினான். இன்னும் தள்ளினான். "நாப்பத்தொண்ணு" என்றான். கூவவில்லை, பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டது.

டாக்டரம்மா அவள் கண்ணின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தார். "ரத்தமே இல்ல. என்ன சாப்பிடுறீங்க?"

"அவுகளுக்கு வைக்கிறதுதான். அவுக குடிச்சது போக."

அவள் ரவிக்கைக் கையில் இரண்டு மடிப்புப் பிடித்துத் தைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதுவும் உள்பக்கத் தையல். எனக்கு வைத்தியம் பார்த்த அத்தனை நாளும் அவள் என் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். தட்டிலிருந்து அவள் இறங்கக் கை கொடுத்தேன். கை கொடுத்ததாகவே தெரியவில்லை, அவ்வளவு லேசாக இறங்கினாள்.

மயக்க மருந்து டாக்டர் வந்தது வீணாகக் கூடாது என்று, அவர் அன்னத்தாயைச் சோதித்து இந்த எடையே போதும் என்று சொன்ன பிறகு, மறுநாள் காலையில் எனக்குக் குறித்திருந்த நேரத்தில் அன்னத்தாய்க்கு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. கற்களை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு அவர் வீட்டாரிடம் கொடுத்தார்கள். மொக்கையன் தராசை வண்டியில் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போனான். எனக்குக் கேப்பைக் கூழும் மோரும் வந்தன. எஸ்தருக்குச் சோறும் முட்டையும் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டாள்.